உதட்டில் தெரியாத எழுத்து

கும்பகோணத்தில் பாத்திரக்கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், மாலை வெளிச்சத்தில் ஆசிரியரின் முகம் நன்றாகத் தெரியும் இடம் இரண்டாவது பெஞ்சின் ஓரம். அதை எனக்காகப் பிடித்து வைப்பவள் என் தோழி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் காது பெருமளவு போய்விட்டது. மெஷின் வைத்தாலும் மின்விசிறியின் இரைச்சலும் கீழே பாத்திரம் தட்டும் ஓசையும்தான் முதலில் வந்து நிற்கும். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு.

தமிழில் சமாளித்துவிடுவேன். ‘படம்’, ‘மடம்’ இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் எது என்று பேச்சுப்போக்கில் பிடிபடும். ஆங்கிலத்தில் அந்தப் பிடி இல்லை. ஒருநாள் சட்டியைக் குறிக்கும் ‘பேன்’ என்ற சொல்லுக்கு ஆசிரியர் பொருள் கேட்க, ‘மேன்’ என்று நினைத்து மனிதன் என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு என் முறை வந்தால் தெரிந்த பதிலையும் விழுங்கிக்கொண்டு நிற்பேன். தோழிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘ம’ வந்தால் மூக்கைத் தொடுவாள். ‘ப’ என்றால் சும்மா இருப்பாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும், அவர் சொல்வதை என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் சொல்வாள்.

“தப்பாச் சொன்னா என்னடி? என்னைப் பாத்துச் சொல்லு, நான் சிரிக்க மாட்டேன்” என்பாள். அப்போதும் நான் வாய் திறந்ததில்லை.

நிக்காஹ் முடிந்த கொஞ்ச நாளில் கணவரோடு துபாய்க்குப் போய்விட்டாள். தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம் அது. எல்லோருக்கும் போன்தான் ஆறுதல். எனக்கோ போனில் பார்க்க உதடு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ரிசீவரைத் தன் காதில் வைத்து, மகள் சொல்வதை எனக்கு நேராகத் திரும்பிச் சொன்னார்.

“நீ பேசுவியாம், அவ கேட்டுக்குவாளாம். இங்கிலீஷ்லதான் பேசணுமாம்.”

ரிசீவர் என் கைக்கு வந்தது. அந்தப் பக்கம் யார் சிரித்தாலும் எனக்குக் கேட்காது என்பதே ஒரு தைரியம். குறுவை நடவு, அப்பாவின் இருமல், வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாகக் கிடப்பது என்று தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டே போனேன். முடித்துக் கொடுத்ததும் அவள் அம்மா வெகுநேரம் காதில் வைத்திருந்தார்.

“என்ன சொல்றாம்மா?”

“அழுவுறா.”

பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டு அவர்கள் குடும்பம் சென்னைக்குப் போனது. தொடர்பு விட்டுப்போயிற்று. நான் தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டங்களில் ஆங்கிலம் பேசுகிறேன். தப்பு வந்தாலும் நிறுத்துவதில்லை. இப்போது போனிலேயே முகம் வருகிறது. தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் அவசரமாக எடுத்துவிடுவேன். திரை கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும். முகம் தெளியும்வரை அது அவள்தான்.