வெறும் வயிற்றில் வரவும்

என் பொண்டாட்டி வாழ்க்கையில ஒரு சொட்டு ஒயின் குடிச்சதில்ல. குடிக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்ததுகூட இல்ல. அப்படிப்பட்டவ அறுபது பேரைக் கூப்பிட்டு ஒயின் ருசி பார்க்கிற நிகழ்ச்சி நடத்தினான்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? நடத்தினா. நான் கண்ணால பார்த்தேன். அதுல கொஞ்சம் என் கைவரிசையும் உண்டு, அதைப் பிறகு சொல்றேன்.

அவளுக்கு வேலை லேப்ல. இருபத்திரண்டு வருஷமா காலையில ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, வரிசையில வர்றவங்க கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறா. எங்க வட்டாரத்துல அவ ஊசி படாத கை குறைவு. ஊசியம்மான்னா தபால்காரருக்கும் தெரியும், பல் டாக்டருக்கும் தெரியும். "கையை நீட்டுங்க"ன்னா நீட்டுவாங்க, "அந்தப் பக்கம் பாருங்க"ன்னா பார்ப்பாங்க. எல்லாரும் அவ பேச்சைக் கேட்டே பழகிட்டாங்க. எதிர்த்துப் பேசுறது நான் ஒருத்தன்தான், அதுவும் அவ கைக்கு எட்டாத தூரத்துல இருந்தா மட்டும்.

நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. கடைசியில நின்னுக்கிட்டிருந்த பஸ்ஸுலேருந்து இறங்கும்போது படி வழுக்கி முதுகெலும்புல அடி. கேட்டா சிரிக்கத் தோணும், சிரிச்சுக்கோங்க. மூணு வருஷமா சக்கர நாற்காலி. கால் ரெண்டும் இருக்கு, கிள்ளினா வலிக்கவும் செய்யுது, உடம்பைத் தாங்கத்தான் மாட்டேங்குது. ஆனா நெஞ்சளவு தண்ணியில இறக்கிவிட்டா நிப்பேன். நிஜமாவே நிப்பேன்.

நீச்சல் குளத்துல அதுக்குன்னே ஒரு லிஃப்ட் நாற்காலி இருந்துது. அதுல உட்கார வச்சு பட்டனை அமுக்கினா மெதுவா தண்ணிக்குள்ள இறக்கும். வாரத்துல ரெண்டு நாள் காலையில வேன் வந்து கூட்டிக்கிட்டுப் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன், இதுல மறைக்க என்ன இருக்கு?

அந்த லிஃப்ட் கெட்டுப்போய் ஏழு மாசம் ஆயிடுச்சு. என்னை மாதிரி பதினோரு பேர் வீட்டோட முடங்கிட்டோம். குளத்து மேலாளர் கையை விரிச்சுட்டார். "புதுசு வாங்கப் பாதிப் பணம்தான் எங்ககிட்ட இருக்கு. மீதியை மாசக் கடைசிக்குள்ள நீங்க திரட்டிக் குடுத்தா வாங்கலாம். இல்லன்னா அந்த மூலையில பிள்ளைங்களுக்குச் சறுக்குமரம் வச்சுடுவோம்"னார். சறுக்குமரம்! ஏன், ஊஞ்சலும் கட்டுங்களேன்னு கேட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. நான் திட்டினா அவளுக்குப் பயமில்ல. பேசாம இருந்தாத்தான் கலங்கிடுவா.

அப்பத்தான் என் மச்சான் வந்து சேர்ந்தான். மச்சான்னா அவ தம்பி. ஒயின் கடையில வேலை. சேர்ந்த ரெண்டே வருஷத்துல அவன் மூக்குக்குக் கௌரவம் வந்துடுச்சு, எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியைக்கூட டம்ளர்ல சுழட்டி மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பான்.

"அக்கா, ஒயின் ருசி பார்க்கிற நிகழ்ச்சி ஒண்ணு வைப்போம். டிக்கெட் போடுவோம். எட்டு வகை ஒயினும் முதலாளி சும்மா தர்றேன்னுட்டாரு. கடைசியில நல்ல பாட்டிலா ஆறை ஏலம் விடுவோம். பெரிய பணம் அங்கதான் வரும்"னான்.

"குடிச்சுட்டு ஆட்டம் போடுவாங்களாடா?"

"குடிக்கவே மாட்டாங்கக்கா. வாயில கொஞ்சம் வச்சுப் பார்த்துட்டுத் துப்பிடுவாங்க. அதுக்கு வாளி வைப்போம்."

அவ முகம் தெளிஞ்சுடுச்சு. "ஓ, சாம்பிள் எடுக்கிறதுதானே. இதைச் சொல்றதுக்கு ஏன்டா இவ்வளவு சுத்தி வளைக்கிற? ஒருத்தருக்கு எத்தனை மில்லி?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மேல ஓடுற ஃபேனைப் பார்த்தேன்.

அன்னைக்கே சமையல் மேஜையில நோட்டை விரிச்சு உட்கார்ந்துட்டா. பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர், கிளாஸுக்கு ஒரு ஸ்டிக்கர், ரெண்டும் பொருந்துதான்னு சரிபார்க்க ஒரு அட்டவணை, வாளிக்கு மூடி. கண்ணாடிக் கிளாஸ்தான் வேணும்னு மச்சான் கெஞ்சிக் கூத்தாடினான். இல்லாட்டி அவ லேப்லேருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டாந்திருப்பா. அந்த டப்பாவுல வழக்கமா எதைப் பிடிச்சுக் குடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

"அக்கா, இன்னொண்ணு. வர்றவங்க செண்ட் அடிச்சுக்கக் கூடாது. காரமா எதுவும் சாப்பிட்டுட்டு வரக்கூடாது. நாக்கு சுத்தமா இருந்தாத்தான் ருசி சரியா தெரியும். இதை டிக்கெட்டுக்குப் பின்னால ஒரு வரி எழுதிடு."

"இதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தரணுமா? தினம் நூறு பேருக்குச் சொல்றவ நான்"ன்னு சொல்லிட்டு அவளே எழுதி அச்சடிக்கக் குடுத்துட்டா. நான் எட்டிப் பார்க்கல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

டிக்கெட் எல்லாம் ஒரே வாரத்துல வித்துப்போச்சு. எப்படின்னு கேட்டேன். சொல்லவே மாட்டேன்னா. பிறகு தபால்காரர்தான் போட்டு உடைச்சார். கையில ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவாளாம். ஊசியை உறையிலேருந்து உருவுவாளாம். உருவி வச்சுக்கிட்டே, "ஞாயித்துக்கிழமை ஒரு நல்ல காரியம் இருக்கு, டிக்கெட் ஒண்ணு எழுதட்டுமா, ரெண்டு எழுதட்டுமா?"ன்னு கேட்பாளாம். அந்த நேரத்துல எவன் வேண்டாம்பான்? "நான் மூணு எடுத்தேன், எனக்கு நரம்பு கிடைக்கிறது கஷ்டம்"னார் தபால்காரர்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. இடம், லேப்ல ஆளுங்க காத்திருக்கிற கூடம். மேஜைக்கு வெள்ளைத் துணி விரிச்சு, பாட்டிலை வரிசையா நிறுத்தி, மச்சான் கழுத்துல ஏதோ பட்டை எல்லாம் கட்டிக்கிட்டு நின்னான். ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவுல நாக்கைச் சுத்தம் பண்ண ஆளுக்கு ஒரு கடி ரொட்டி உண்டாம். அந்த ரொட்டிக் கூடையும் பாலாடைக்கட்டி டப்பாவும் என் மடியில இருந்துது. எங்க வீட்டுல எதை எங்க வைக்கிறதுன்னு தெரியலன்னா என் மடிதான் அலமாரி.

ஆளுங்க வந்தாங்க. ஒரு சிரிப்பு இல்ல, ஒரு பேச்சு இல்ல. வந்து வரிசையா உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருந்தாங்க. ரெண்டு பேர் பழக்க தோஷத்துல சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டாங்க. என்னடா இது, நல்ல காரியத்துக்கு வந்தவங்க மாதிரியே இல்லையேன்னு எனக்கு அப்பவே லேசா உறுத்துச்சு.

மச்சான் தொண்டையைச் செருமினான். "முதல்ல கண்ணால பாருங்க. அப்புறம் மோந்து பாருங்க. அப்புறம் வாயில வச்சு..." அவன் முடிக்கிறதுக்குள்ள அறுபது கிளாஸும் காலி. வாளிப் பக்கம் ஒருத்தரும் போகல. ரெண்டாவது ஒயினும் அப்படியே. மூணாவதுக்கு யாரும் மச்சானை எதிர்பார்க்கவே இல்ல, அவங்களே ஊத்திக்கிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் கூத்து. தலைமையாசிரியை அம்மா செருப்பைக் கழட்டிட்டு நாற்காலியில சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தம்பி, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கல, முதல்லேருந்து ஒப்பி"ன்னாங்க. பல் டாக்டர் சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டார். குளத்து மேலாளர் தபால்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு நீச்சல் தெரியாது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அழுதார். மூணு வாய் ஒயினுக்கு இப்படியாடான்னு நான் வாயைப் பிளந்துட்டேன்.

தபால்காரர் மெல்ல என் பக்கத்துல வந்தார். அவர் கண்ணு என் முகத்துல இல்ல, மடியில இருந்துது.

"அண்ணே, அதுல ஒரு துண்டு குடுங்களேன். பசியில காது அடைக்குது."

"ஏன்யா, மத்தியானம் சாப்பிடலையா?"

"எங்கண்ணே சாப்பிட? நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான். ஊசியம்மாதான் கண்டிப்பா எழுதியிருக்காங்களே"ன்னு சட்டைப் பையிலேருந்து டிக்கெட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். 'பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் வரவும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.'

அறுபது பேர்ல ஒருத்தராவது ஏன்னு கேட்டிருக்கக் கூடாது? கேட்கல. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எழுதினது ஊசியம்மா, அவ்வளவுதான், பேசாம பட்டினி கிடந்து வந்துட்டாங்க.

நான் அவளைக் கை காட்டிக் கூப்பிட்டேன். "என்னடி இது?"

"ஏன், சரியாத்தானே இருக்கு? நாக்கு சுத்தமா இருக்கணும்னு இவன்தானே சொன்னான்? சாப்பிட்டுட்டு வந்தா ரிசல்ட் தப்பா வரும்ங்க."

"ரிசல்ட்டா? திரும்பிப் பாரு உன் ரிசல்ட்டை!"

திரும்பிப் பார்த்தா. பாதிப் பேர் எழுந்து தள்ளாடித் தள்ளாடிக் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க, எங்கயாவது போய் வயித்துக்கு ஏதாவது போடலாம்னு. ஏலம் இன்னும் தொடங்கவே இல்ல. ஏலம் இல்லாட்டி லிஃப்ட் இல்ல. மாசக் கடைசிக்கு இன்னும் நாலே நாள். அவ முகம் வெளுத்துப்போச்சு.

"போச்சுங்க, கெடுத்துட்டேன்"னா. "உங்களை எப்படியாவது..."ன்னு ஆரம்பிச்சு மீதியை முழுங்கிட்டா. ஆயிரம் பேர் ரத்தத்தைப் பார்த்து அசராத பொம்பளை, உதடு நடுங்க நின்னா. சத்தியமா சொல்றேன், அந்த நிமிஷம் லிஃப்ட் போனாப் போகட்டும், இவ அழாம இருந்தாப் போதும்னு தோணுச்சு. ஆனா அவ அழாம இருக்கணும்னா லிஃப்ட் வந்தாகணும்.

"எல்லாரையும் உட்காரச் சொல்லு. உன் பேச்சைத்தான் கேட்பாங்க"ன்னேன்.

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒரு சத்தம் போட்டா பாருங்க! "யாரும் எழுந்திரிக்கக் கூடாது! தலை சுத்தி விழுவீங்க. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுத்தான் போகணும்!"

மொத்தக் கூட்டமும் பொத்துன்னு உட்கார்ந்துது. நான் சக்கரத்தை உருட்டிக்கிட்டுப் போய்க் கதவுக்குக் குறுக்கே நிறுத்தி பிரேக்கைப் போட்டேன். கூடையிலேருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் தலைக்கு மேல தூக்கினேன்.

"ஏலம் ஆரம்பம்! இன்னைக்குக் காலையில சுட்டது. முறுகலான மேல்தோல், உள்ளே பஞ்சு. ஆண்டு, இந்த ஆண்டு. யார் கேட்கிறீங்க?"

மச்சான் தலையில கை வச்சுக்கிட்டு, "மாமா, ஒயினைத்தான் ஏலம் விடணும்"னான். போடா, உன் ஒயினை யார் கேட்டா?

தபால்காரர் முதல் விலை கேட்டார். தலைமையாசிரியை அதுக்கு மேல கேட்டாங்க. தூங்கிக்கிட்டிருந்த பல் டாக்டர் ரொட்டி வாசத்துக்கு முழிச்சு, என்ன ஏதுன்னு தெரியாமலேயே ரெண்டு மடங்கு கேட்டார். ஒரு பாலாடைக்கட்டித் துண்டுக்கு யாரோ ஒரு அக்காவும் தங்கச்சியும் சண்டை போட்டு, கடைசியில ஆளுக்குப் பாதின்னு ரெண்டு பேரும் முழு விலை குடுத்தாங்க. வயித்துல கொஞ்சம் விழுந்ததும் குஷி வந்து ஒயின் பாட்டிலையும் வாங்கித் தள்ளினாங்க. மச்சானோட விலை உசந்த ஒயின்ல ஒருத்தர் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டார். அவன் பார்க்க மாட்டாம சுவத்துப் பக்கம் திரும்பிட்டான்.

கடைசி ரொட்டி ஒண்ணு மிச்சம். மேலாளர் முண்டியடிச்சுக்கிட்டு வந்தார்.

"இது பணத்துக்கு இல்ல சார். சறுக்குமரம் கிடையாதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, தர்றேன்."

"கிடையாது, கிடையாது! சத்தியமா கிடையாது! குடுங்கய்யா!"

அவர் வாயில ரொட்டியை வச்சுக்கிட்டே அதை ஒரு தாள்ல எழுதி, கையெழுத்தும் போட்டார். தேவைப்பட்டதுக்கு மேலேயே பணம் சேர்ந்துடுச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவ என்னைத் திட்டிக்கிட்டே நாற்காலியைத் தள்ளினா, பசிச்ச வயித்துல கொள்ளையடிச்ச மனுஷன்னு. நான் மறுக்கல.

அஞ்சு வாரம் கழிச்சு லிஃப்ட் வந்துது. குளம் காலையில, அவ லேப்பும் காலையில. அதனால நான் தண்ணியில நிக்கிறதை அவ ஒரு நாளும் பார்த்ததே இல்ல, நான் சொல்லிக் கேட்டதோட சரி. அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தா. நீச்சல் உடுப்பு போட வெட்கப்பட்டுக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு முன்னாலயே தண்ணிக்குள்ள இறங்கி நின்னா. நான் லிஃப்ட் நாற்காலியோட இறங்கினேன். தண்ணி நெஞ்சுக்கு வந்துது. பட்டையைக் கழட்டினேன். காலை ஊன்றினேன்.

மூணு வருஷமா அவ குனிஞ்சுதான் என்கிட்ட பேசியிருக்கா. இப்போ அவ கண்ணு என் தோளுக்கு நேரா இருந்துது. மெதுவா நிமிர்ந்தா, இன்னும் நிமிர்ந்தா. நான் அவளைவிட ஒரு தலை உசரம்கிறது எங்க ரெண்டு பேருக்குமே மறந்துபோயிருந்துது.

அவளுக்கு முகமெல்லாம் தண்ணி, அதுல குளத்துத் தண்ணி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது.

"கழுத்து வலிக்குது, உட்காருங்க"ன்னா.

"மாட்டேன் போடி"ன்னேன்.