சூட்டுக்கு இளநீர்

முதன்முதலில் சிறுநீரில் ரத்தம் வந்தபோது வீட்டில் யாரும் பதறவில்லை. கத்திரி வெயில் நேரம். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன வந்தாலும் அது சூடுதான். கண்ணெரிச்சல் சூடு, வாய்ப்புண் சூடு, மருமகளுக்குக் கோபம் வந்தால் அதுவும் சூடு. என் மனைவி தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள், மோரில் வெந்தயம் ஊறப்போட்டாள், தினமும் இளநீர் வாங்கினாள். வலி இல்லாததால் நானும் இந்த உபசாரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

சூடு இல்லை, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கேன்சர் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆரம்ப நிலைதான். குழாய் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. மறுபடி சுரண்டினார்கள்.

"இன்னொரு தடவை வந்தா பையையே எடுத்துடறதுதான் நல்லது சார். யூரின் சேர வயித்துல வெளியே ஒரு பை ஒட்டிக்கணும்" என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி, கீமோ மருந்தைச் சூடாக்கி உள்ளே செலுத்திப் பார்க்கலாம்."

வேஷ்டியை எங்கே கட்டுவது என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் என் இடுப்பைப் பார்த்தேன். பயமாக இருந்தது.

வாரம் ஒருநாள் சிகிச்சை. குழாயைச் சொருகிவிடுவார்கள். ஒரு மெஷின் மருந்தைச் சூடாக்கி உள்ளே அனுப்பும், வெளியே இழுக்கும், மறுபடி அனுப்பும். ஒரு மணி நேரம் இப்படியே சுற்றும். கொதிக்கிற சூடெல்லாம் இல்லை, மே மாதம் மத்தியானம் பாண்டி பஜாரில் நிற்கிற அளவுதான். அந்தச் சூட்டில் மருந்து சுவருக்குள் நன்றாக இறங்குமாம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது, சிறுநீர் சேர்ந்தால் மருந்து நீர்த்துப்போகும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் படித்தவர்கள். நன்றாகவே புரிந்தது.

முதல் வாரம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் வாரம் காலையில் மனைவி ஒரு சொம்பை நீட்டினாள்.

"ஏன்னா, மருந்தைச் சுடச்சுட உள்ளே விடறா. வயிறு குளுமையா இருக்க வேண்டாமா?"

"ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னாளே?"

"தண்ணிதானே கூடாதுன்னா. இது இளநீர்னா."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சொம்பைக் காலி செய்தேன்.

ஆஸ்பத்திரியில் மெஷின் ஓட ஆரம்பித்துப் பாதி நேரம்கூட ஆகவில்லை, அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. காலையில் என்ன குடித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன். மெஷினை நிறுத்தி மருந்தை வடித்துவிட்டார்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை கணக்கில் சேராது, அடுத்த வாரம் திரும்பச் செய்வோம் என்று மட்டும் என் மனைவியிடம் சொன்னார்.

ஆட்டோ அடையாறு பாலம் தாண்டும்வரை அவள் ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பிறகு, "என்னாலதான் பையை எடுத்துடுவாளோ?" என்றாள்.

"ஒரு சொம்பு இளநீருக்கா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாத் தடவையும் ஒழுங்காக நடந்தது. நான் உள்ளே படுத்திருப்பேன், அவள் வெளியே ஸ்லோகம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் வீட்டுக்குப் போய் நான் நிறையத் தண்ணீர் குடிப்பேன். அவளும் குடிப்பாள். அதில் நான் கவனிக்க என்ன இருக்கிறது?

சில வாரம் கழித்து, கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் நாள் வந்தது. டிவியில் என் உட்சுவர் தெரிந்தது, வெறும் இளஞ்சிவப்பாக. டாக்டர் இண்டு இடுக்கு விடாமல் சுற்றிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சார். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்தால் என் மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் நர்ஸ் தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

"மயக்கம் வருதுன்றாங்க, தண்ணி குடுத்தா வேணாம்ன்றாங்க. எப்பவும் இப்படித்தான் சார். நீங்க குடிக்காம இவங்க ஒரு சொட்டு குடிக்க மாட்டாங்களாம்."

நான் அன்று காலை, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நானே காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கேமரா பரிசோதனைக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம்" என்றேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்த இளநீர் வண்டிக்கு நடந்தாள்.

"இன்னா மாமி, வழுக்கையா தண்ணியா?"

"தண்ணியா குடுப்பா."

காயைக் கீழே இறக்காமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். "இன்னொண்ணு வெட்டு."

"சாருக்கா?"

"எனக்குத்தான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேஷ்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.