உளியால் கீறிய அட்டைகள்

மஞ்சள் பைக்குள் மூன்று காலி மாத்திரை அட்டைகள் கிடந்தால் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது சரசரக்கும். கேட்கும்போதெல்லாம் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தாளுநர் அம்மாவின் முகம் நினைவுக்கு வரும். காலி அட்டையைக் குப்பையில் போடாமல் தன்னிடம் கொண்டுவரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

என் மனைவிக்கு இரத்தத்தில் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை, விடாமல் போட்டால் மற்றவர்களைப் போல வாழலாம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வருடம் அப்படித்தான் போனது. அடுத்த வருடம் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியது. மூன்று மாதம் கழித்து இன்னும் ஏறியது. நோய் மருந்துக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் அதன்பிறகு அதிகம் வழியில்லை என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் முன்னால் நாக்கு எழும்பாது. 'சரிங்க' என்ற ஒரு சொல்லை வைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். மருந்து வாங்கும் சன்னலில், புற்றுநோய் மருந்துகளை மட்டும் பார்க்கும் அந்த அம்மா எங்கள் சீட்டை இரண்டு முறை படித்தார். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சுதான் அவருக்கும். "மருந்த மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கிறேண்ணே. அடுத்த மாசம் வாறப்ப காலி அட்டைய எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே பாதி பிரித்தும் பிரிக்காமலும் மடக்கிய அட்டைகள். அவள் ஒரு பலகாரக் கடையில் முறுக்கு சுடுகிறாள். விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால் குமட்டும். "ரெண்டு தடவ சட்டிக்குப் பக்கத்துலயே வாந்தி எடுத்துட்டேன். மூணாந்தடவயும் எடுத்தா, நாளையிலருந்து வராதன்னுருவாக. அதான் வேலையில்லாத அன்னைக்கி மட்டும் போடுறேன்" என்றாள். மருந்தென்றால் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருப்பார்கள். நாங்கள் 'சரிங்க' என்றிருப்போம். தினம் போடச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு நாள் போட்டாள், இரண்டு நாளும் வாந்தி. அதன்பிறகு பழையபடிதான்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஒழுங்காகப் போடாதவர்களுக்கு இலவச மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று வரிசையில் நின்ற ஒருவர் சொல்லியிருந்தார். நான் நம்பிவிட்டேன். மாதக் கடைசியில் அந்த மாதத்து மூன்று அட்டைகளையும் பட்டறைக்கு எடுத்துப்போய், மிச்சமிருந்த ஒவ்வொரு குழியையும் கால் அங்குல உளியால் கீறி மாத்திரையை வெளியே எடுத்தேன். நல்ல கூர்மையான உளி. ஒரு பிசிர்கூட இல்லை.

அந்த அம்மா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க என்ன வேல பாக்குறீக?"

"தச்சு வேலைங்க."

"அதான பாத்தேன். விரலால அமுக்குனா ஒரு குழி நசுங்கும், ஒண்ணு கிழியும். இங்க கொஞ்சந்தான் அப்புடி இருக்கு. மீதி, கதவுல பூட்டு வைக்க உளியால வெட்டுன மாதிரியில்ல இருக்கு."

என் மனைவிக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுக் கதவு நாலு வருசமாச் சாத்த முடியல மேடம். அதுக்கு இந்த உளிய எடுக்கல" என்றாள். அந்த அம்மா சிரித்தார். நான் அழுதுவிட்டேன். "மாத்திரைய நிறுத்திராதீக" என்று மட்டும் சொன்னேன்.

"யாரும் நிறுத்த மாட்டாகண்ணே. ஆனா போடாத மருந்தக் கேக்கலன்னு மாத்துனா, அடுத்த மருந்தயும் இப்புடித்தான போடுவீக? அதுக்கப்பறம் நாம எங்குட்டுப் போறது?"

வெறும் வயிறு, எண்ணெய்ச் சட்டி, வாந்தி எல்லாவற்றையும் என் மனைவி சொன்னாள். பிறகு அவள் எப்போது வேலைக்குப் போகிறாள், எப்போது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலை முடிந்து வந்து சாயங்காலம் என்றாள் அவள். "அப்பப் போடுங்க. வயிறாரச் சாப்புட்டு, ஒரு சொம்புத் தண்ணியோட. போட்டதும் படுத்துரக் கூடாது." நான் 'சரிங்க' என்றேன். "சரிங்க வேணாம்ணே. நான் சொன்னத நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றார். மூன்று முறை தப்பாகச் சொல்லி நாலாவது முறை சரியாகச் சொன்னேன். அட்டைகளை எடுத்துக்கொண்டு அவரே டாக்டரின் அறைக்குள் போனார். சாத்திய அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப்போல எத்தனையோ கதவு செய்திருக்கிறேன். ஒரு கதவைப் பார்த்து நான் அப்படி நடுங்கியதில்லை. மருந்தை மாற்றாமல் பார்க்க மூன்று மாதம் தவணை வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று மாதத்தில் அளவு இறங்கியது. ஆறு மாதத்தில் இன்னும் இறங்கியது. வாந்தியும் நின்றது. ஒவ்வொரு மாதமும் அட்டைகளை வாங்கி, நசுங்கிய குழிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புது அட்டை கொடுப்பார்.

அவர் மாறுதலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது. புது ஆள் அட்டையைக் கேட்பதில்லை. நான் மட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறேன். இப்போது தீபாவளிக்கான வேலை. கடையை விட்டு அவள் எப்போது வருகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்றே தெரியவில்லை. நேற்று பையில் போடும்போது மூன்றாவது அட்டையில் இரண்டு குழி உடையாமல் இருந்தது. கேட்டதற்கு, "எண்ணிக்கிட்டே ஒக்காந்துருக்கீகளாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வாரம் எடுத்த இரத்தத்தின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இன்று காலை அந்தச் சன்னலில் அட்டைகளை நீட்டினேன்.

"இது எதுக்குண்ணே? குப்பத்தொட்டி அங்குட்டு இருக்கு" என்றார் புதிதாக வந்திருக்கும் அந்தப் பையன்.

'சரிங்க' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தம்பி, இதுல ரெண்டு மாத்திர மிச்சம் இருக்கு. என் சம்சாரம் அந்தா பெஞ்சில ஒக்காந்துருக்கா. எந்நேரம் சாப்புடுறன்னு நீங்க ஒரு வார்த்த கேளுங்க. நான் கேட்டாச் சொல்ல மாட்டேங்கிறா."

பின்னால் நின்றவர்கள், "யோவ், நகருய்யா" என்றார்கள். நான் நகரவில்லை. கையில் அட்டைகள் சரசரத்துக்கொண்டே இருந்தன.