ஒரே துணியில் இரண்டு தையல்

ஓடிப்போனாள் என்று யார் சொன்னது? மூன்றாம் மாடிக்காரிதானே? படிக்கட்டில் கேட்டதை மொட்டை மாடியில் விற்கிறவள் அவள். என் மருமகள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். பெட்டி ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்ததே நான்தான்.

சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிறவள் அவள். ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துச் சிரிப்பாளாம், எவனோ இருக்கிறானாம். இருந்தது நட்சத்திரம். எங்கோ உள்ள நட்சத்திரங்களின் வெளிச்சத்தை ஓர் ஆராய்ச்சிக்கூடம் கோடாகப் போட்டு, விருப்பப்பட்டவர்களுக்கு அனுப்புகிறது. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் குறுக்கே வந்தால் வெளிச்சம் துளி மங்கும், கோட்டில் பள்ளம் விழும். பள்ளத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கள்ளத்தனம்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். "வீட்ல என் சட்டை எங்கன்னு தெரியல, ஆகாசத்துல என்னத்தடி தேடுற?" என்பான். சட்டை அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே தொங்கும்.

ஒரு கோட்டில் பள்ளங்கள் தாறுமாறாக விழுந்திருந்தன. நாலு நாள் விட்டு ஒன்று, ஏழு நாள் விட்டு ஒன்று, அப்புறம் பத்து. கிரகமென்றால் சம இடைவெளியில் வருமாம். இது குப்பை என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. இவள் விடவில்லை.

"அத்தை, இது ஒரு தையல் இல்ல. ஒரே துணியில ரெண்டு ஓடியிருக்கு. ஒண்ணு பதினோரு நாளைக்கு, இன்னொண்ணு பதினேழு நாளைக்கு. பிரிச்சுப் பாத்தா ரெண்டுமே நேர்."

எனக்கு அந்தக் கோடு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. எழுதிப் போடு என்றேன்.

ஆராய்ச்சிக்கூடத்திலும் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு கிரகங்கள். கம்ப்யூட்டர் கழித்த கோடுகளையெல்லாம் திரும்பப் பார்க்க ஆறு மாத வேலை, திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று கடிதம் வந்தது.

"போனா திரும்பி வராத" என்றான் என் மகன்.

"இது என் வீடுடா, யார் வரணும்னு நான் சொல்றேன்" என்றேன். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைவரை பெட்டி திறந்தே கிடந்தது.

அன்று அவன் அலமாரியைக் குடைந்துகொண்டே கத்தினான். "என் சாக்ஸ் எங்கடி? ஒண்ணுதான் இருக்கு."

அவள் எழுந்து இரண்டடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தாள். நான் ஜிப்பை இழுத்தேன்.

"தேடுங்க, கெடைக்கும்" என்றாள் அவனிடம். என்னிடம், "வரேன் அத்தை."

எங்கள் கட்டட லிஃப்ட் நாலு மாதமாக ஓடவில்லை. மெக்கானிக் வீட்டிலேயே இருக்கிறான், யாரைக் கேட்பது? ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்து, "அந்தக் கிரகத்துலல்லாம் ஆளுங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டது மேலே எனக்கே கேட்டது.

"தெரியலக்கா. இருந்தா அவங்களும் இந்நேரம் கதவத் தொறந்து நம்மளத்தான் எட்டிப் பாத்துக்கிட்டிருப்பாங்க."

ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒவ்வொரு படியாகப் பெட்டி இடிக்கும் சத்தம், தெரு வரைக்கும்.