ரெண்டாவது சூடு வாங்காத ஆறு டீசேட்

டீசேட்டுல பிரிண்ட் அடிக்கிற என் இனத்தவங்களே, மை பூசுறது பெரிய வேலையில்ல. அது வேகுற வரைக்கும் வந்தவங்கள உக்கார வைக்கிறதுதான் வேலை. ஹட்டன்ல சின்னதா ஒரு கடை போட்டு அந்த வேலையத்தான் நானும் பார்க்கிறேன்.

தொட்டுப் பார்த்தவர்

சேகர், டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்து கிரிக்கெட் டீமுக்கு கெப்டன். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்குப் பதினோரு டீசேட் கேட்டாரு. இது நல்லா வந்தா, திருவிழாவுக்குத் தோட்டமே போடுற டீசேட்டும் உங்களுக்குத்தாம்மான்னு அவங்க கோயில் தலைவர் வாக்குக் குடுத்திருந்தாரு. அந்த ஓடருக்காக ரெண்டு வருசமா காத்துக் கிடந்தேன்.

எங்க மை தானா காயாது. முதல் சூட்டுல மேல்தோல் மட்டும் இறுகும், ரெண்டாவது சூட்டுலதான் உள்ள வரைக்கும் வேகும். சனிக்கிழமை வாங்க வந்த சேகர் முதல் சூட்டுலயே விரல வச்சுத் தேய்ச்சுட்டு, "காஞ்சிருச்சே, குடுங்க"ன்னாரு. இல்ல தம்பி, வேகணும்னேன். மனுசன் தேயிலை பெக்டரியில ட்ரையர் பார்க்கிறவரு; மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"பதினெட்டு வருசமா கொழுந்து காய வைக்கிறவன்கிட்டயே காய வைக்கிறதப் பத்திப் பேசுறீங்களே அக்கா!"

கரண்ட் போன பிறகு

அஞ்சு டீசேட் வெந்துச்சு. மிச்சம் ஆறு இருக்கும்போது கரண்ட் போச்சு. வெளிய ஒரே பனிமூட்டம், துணியெல்லாம் ஈரம் கோத்துக்கிச்சு. நாளைக்குக் காலையில வாங்க தம்பின்னு கெஞ்சாத குறையாச் சொன்னேன். அவரு ஆறையும் மடிச்சு பேக்குல திணிச்சுட்டாரு, பஸ்ஸு வருதாம்.

"எங்க பெக்டரியில இல்லாத சூடா உங்க மெசின்ல இருக்கு?"

கடைசி விக்கெட்

மனசு கேக்காம மேட்ச் பார்க்கப் போனேன். ஆறு டீசேட்டும் ட்ரையர் பக்கத்துல ஒரு மணிநேரம் தொங்கினதாம், தேயிலை வாசம் கமகமன்னு வந்துச்சு. கடைசி விக்கெட் விழுந்ததும் சேகரக் கட்டிப்பிடிச்சுத் தூக்குனாங்க. இறக்கி விட்டப்போ அவரு முதுகுல இருந்த ஏழாம் நம்பர் பாதி உதிர்ந்து, தூக்குனவங்க கையில ஒட்டிக்கிடந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கோயில் தலைவர் பக்கத்துலயே நின்னாரு. நடந்தத நான் சொல்லச் சொல்ல தலையாட்டிக் கேட்டாரு, ஆனா மசியல.

"ஒரு மேட்ச் ஜெயிச்சதையே தாங்கலையேம்மா, மூணு நாள் தேர் இழுக்கிறத எப்படித் தாங்கும்?"

திங்கட்கிழமை

திருவிழா ஓடர் வேற கடைக்குப் போயிருச்சு. அந்த வயித்தெரிச்சலோட உக்காந்திருக்கேன், சேகர் வர்றாரு. கையில அதே ஆறு டீசேட், சுடுதண்ணியில நல்லா அலசி, இருந்த நம்பரும் போன கோலத்துல. ஸ்டூல இழுத்துப் போட்டு சாவகாசமா உக்காந்தாரு.

"இப்ப நிதானமா வேகவைங்க அக்கா, இன்னைக்கு எனக்கு அவசரமே இல்ல."

மை வேக எத்தன டிகிரின்னு என் மெசின்ல எழுதியிருக்கு, என் வயிறு இதுக்கு மேல எத்தன டிகிரி தாங்கும்னுதான் எங்கயும் எழுதல.