அன்ரி எங்க?

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் மைதானத்தில் தமிழ்க் கழகங்களின் கிரிக்கெட் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ‘அன்ரி’ என்று அழைக்கும் அன்னபாக்கியத்தைத் தேடுபவர்கள் நேராகத் தேத்தண்ணிக் கூடாரத்துக்குப் போவார்கள். ரோல்ஸ் பொரிப்பார், தேத்தண்ணி ஊற்றுவார், ஒரு கண் மட்டும் எப்போதும் ஆட்டத்தில் இருக்கும். கணவர் செல்வரத்தினம் நடுவர். வெள்ளைத் தொப்பியோடு அவர் நடுவில் நிற்பதை எல்லைக்கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பதினொரு கோடைகள் பார்த்தவர் அன்னபாக்கியம். வீட்டுக்குப் போனதும் எந்த அவுட்டை ஏன் கொடுத்தேன் என்று அவர் விளக்குவார். இவர் சட்டி கழுவிக்கொண்டே கேட்பார், பாதியை ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த மைதானத்தில் அன்னபாக்கியம் அளவுக்கு ஆட்டம் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

வேறு எதையும்கூட யாரும் கேட்டதில்லை. நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் ஆறு மாடிகளைத் துப்புரவாக்குவது அவருடைய வேலை. முதல் பஸ்ஸில் போய், அலுவலகத்தார் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். எதிர்ப்படும் காவலாளிக்கு ஒரு ‘குட் மோர்னிங்’, அவ்வளவுதான். வீட்டில் மகள் பிரணவி தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வாய் நிறையக் கதை வைத்திருந்த மனுசி, அதைக் கொட்ட இடமில்லாமல் இருந்தார்.

2017 பெப்ரவரியில் அந்த இடம் தானாக வந்தது.

அந்த வருடம் கழகம் தன் ஆட்டங்களை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டத் தொடங்கியிருந்தது. ஃபோனுக்கு வெயில் படக் கூடாது என்று பிரணவி அதைத் தேத்தண்ணிக் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, சிநேகிதிகளோடு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள். ஃபோன் படம் பிடிக்கிறது என்பது அன்னபாக்கியத்துக்குத் தெரியும். அதற்குக் காதும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த ரதிதேவியோடு வழக்கம்போலக் கதைத்தார்.

“பாருமப்பா ரதி, எங்கட கழகத் தலைவர் முருகையா இறங்குறார். நூறு அடிச்சிட்டு வாற ஆள் மாதிரி நடை. போன கிழமை நாலு பந்தோட முடிஞ்சவர்.”

ரதிதேவி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் முருகையாவின் காலில் பந்து பட்டது. செல்வரத்தினம் விரலைத் தூக்கினார்.

“ஐயோ, அது அவுட் இல்லை! பந்து வெளியால போகுது. ஃபிரிட்ஜுக்குள்ள மூக்குக்கு முன்னால இருக்கிற தயிரையே காணாத மனுசன், இருபத்திரண்டு யார் தூரத்தில இருக்கிற விக்கெட்டைக் காணப்போறாரோ?”

ஐஸ்கிரீமோடு திரும்பிய பிரணவி திரையைப் பார்த்து அலறினாள். “அம்மா! மைக் இஸ் ஒன்!”

“படந்தானே பிள்ளை எடுக்குது?”

“நோ அம்மா, சவுண்டும் போகுது! த்ரீ ஹண்ட்ரட் பீப்பிள் லிசனிங்!”

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அது பொத்தி முடிகிற விஷயமா? அந்தத் துண்டை யாரோ வெட்டி எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் டொரொண்டோவிலிருந்து மைத்துனன் செல்வரத்தினத்தை அழைத்தான். “அத்தான், தயிர் கிடைச்சிட்டுதோ?” அதற்குப் பிறகு பாரிஸிலிருந்து ஒருவர். அதற்குப் பிறகு வவுனியாவிலிருந்து, பத்து வருடமாகத் தொடர்பே இல்லாத ஒருவர்.

“உலகம் முழுக்க என்னை வித்துப்போட்டீர்,” என்றார் செல்வரத்தினம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தயிர்ப் பக்கமே போகவில்லை.

முருகையாவும் அழைத்தார். மலேசியாவிலிருந்து வந்து இருபது வருடமானவர், யாரையும் நோகடிக்காமல் பேசத் தெரிந்தவர். “அக்கா, கோவிச்சுக்காதீங்க லா. தலைவரையும் அம்பயரையும் இப்படிப் பேசினா கழகத்துக்கு நல்லாவா இருக்கும்? அடுத்த வாரம் கோதண்டராமன் சார் வர்ணனை பண்ணட்டும்.”

அடுத்த வாரம் அரையிறுதி. கோதண்டராமன் கோவில் விழாக்களைத் தொகுத்து வழங்குபவர், நல்ல தமிழ் அவருடையது. “மட்டையாளர் பந்தினை எதிர்கொள்ள ஆயத்தமாகிறார்” என்று அவர் முழுமையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து கயிற்றைத் தாண்டிப் போயிருக்கும். வந்திருந்த ஐந்நூறு பார்வையாளர்கள் அரை மணி நேரத்தில் நாற்பத்தொன்றாகக் குறைந்தார்கள். போகுமுன் எல்லோரும் ஒரே கேள்வியை எழுதிவிட்டுப் போனார்கள்: அன்ரி எங்க?

பிரணவி ஓடி வந்து காட்டினாள். “அம்மா, லுக்! யூ ஆர் ஃபேமஸ்!”

“எனக்கு எண்ணெய் கொதிக்குது, போ பிள்ளை.” கொஞ்சம் பொறுத்து, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். “எத்தினை பேர் கேட்டவை?”

“ஹண்ட்ரட் அண்ட் சிக்ஸ்ட்டி.”

அன்றைக்கு முதல் தடவையாக அன்னபாக்கியத்தின் ரோல்ஸ் கருகியது. நூற்று அறுபது பேர்! ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து அவருடைய குரல் வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இன்னும் ஒரு தரம், இறுதி ஆட்டத்தில் மட்டுமாவது அந்த மைக் கைக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் வரவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் முருகையாவே வீட்டுக்கு வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“நீங்களே பேசுங்க அக்கா. கோதண்டராமன் சாரும் அதான் சொல்றாரு, பாவம், தொண்டை போச்சாம். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். என் நடையைப் பத்திக்கூடப் பேசுங்க. அம்பயர் முடிவைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கூடாது. சொன்னீங்கன்னா அப்பவே மைக்க வாங்கிடுவேன்.”

“ஓம், சொல்ல மாட்டன்.”

“இவ வாயை மூடின சரித்திரம் இல்லை,” என்றார் செல்வரத்தினம்.

“நீங்கள் கண்ணைத் திறந்த சரித்திரமும் இல்லை.”

முருகையா தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அன்னபாக்கியம் மைக்கை எடுத்து “வணக்கம், தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?” என்று கேட்டதுமே முந்நூறு பேர். கழகம் துடுப்பெடுத்து முடித்தபோது எழுநூறு. எதிரணி விரட்டத் தொடங்கியபோது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பந்து வீச்சாளர் தலையைச் சொறிவதையும், பிடியைத் தவறவிட்டவர் புல்லைக் குறை சொல்வதையும் அவர் சொல்லச் சொல்ல, டொரொண்டோவில் குடும்பம் குடும்பமாக இருந்து கேட்டார்கள். மூன்று மணி நேரம் நடுவரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கடைசி ஓவர். இரண்டு பந்து மீதி, எதிரணிக்கு எட்டு ஓட்டம் வேண்டும். துடுப்பாளர் ஓங்கி அடித்தார். பந்து உயர எழுந்து தேத்தண்ணிக் கூடாரத்தை நோக்கியே வந்தது. எல்லையில் நின்ற நவின், முருகையாவின் மகன், பின்னால் அடி வைத்துப் பாய்ந்து பிடித்தான். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. தூரத்தில் நின்ற செல்வரத்தினம் விரலைத் தூக்கினார்.

கிண்ணம் கைக்கு வந்த மாதிரித்தான். ஆனால் நவினின் குதிக்கால் கயிற்றில் பட்டதை, மூன்றடி தள்ளி நின்ற அன்னபாக்கியம் கண்டுவிட்டார். களத்தடுப்புக்கு வேறொருவரை விட்டுவிட்டு வந்த முருகையா அவருக்குப் பின்னால் கைதட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் மைக் போகும், கழகத்தின் வெற்றியும் போகலாம். பேசாமல் விட்டால் ஆயிரம் பேருக்குப் பொய் சொன்னதாகும்.

“அது அவுட் இல்லை,” என்றார். மைதானத்து ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. “நவினின்ர கால் கயித்தில பட்டது. நான் கண்டனான். அது சிக்ஸ்.”

முருகையாவின் கை மைக்கை நோக்கி நீண்டது. அன்னபாக்கியம் கொடுக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி நவின், நீர் சொல்லும். பட்டதோ இல்லையோ?”

நவின் கீழே பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். பிறகு பந்தைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். “ஆமா ஆண்ட்டி. பட்டுச்சு.”

செல்வரத்தினம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மைதானம் முழுக்கத் தெரியும்படி இரண்டு கைகளையும் நேராக உயர்த்தினார். சிக்ஸ்.

இப்போது ஒரு பந்து, இரண்டு ஓட்டம். அன்னபாக்கியம் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “ஓடி வாறார்... போட்டார்... துடுப்புக்குப் படேல்ல... விழுந்திட்டுது! விக்கெட் விழுந்திட்டுது! ஒரு ஓட்டத்தால வெண்டிட்டம்! பிள்ளையள், வெண்டிட்டம்!”

எதிரணித் தலைவர்தான் முதலில் வந்து முருகையாவின் கையைக் குலுக்கினார். “இந்த வெற்றியை ஒருத்தரும் குறை சொல்லேலாது,” என்றார். முருகையா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“கால் பட்டது நம்ம லைவ் வீடியோவுல தெளிவா இருக்கு அக்கா,” என்றார் மெதுவாக. “நீங்க சொல்லாம விட்டிருந்தா, இந்நேரம் உலகம் பூரா அனுப்பி நம்மளக் கிழிச்சிருப்பாங்க லா. மைக்க நீங்களே வச்சுக்குங்க.”

செல்வரத்தினம் விக்கெட் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். “அவ்வளவு தூரத்துக்கு எனக்குக் கயிறு தெரியேல்லை,” என்றார்.

“அதுக்குத்தானே நான் இஞ்ச நிக்கிறன்.”

கிண்ணம் கொடுத்து முடிந்தும் திரையில் ஆயிரத்து இருநூறு பேர் போகாமல் இருந்தார்கள். நிறுத்த வேண்டாம் அன்ரி, இன்னும் கதையுங்கோ என்று எழுதிக்கொண்டேயிருந்தார்கள். பிரணவி ஃபோனைச் சார்ஜரில் செருகிவிட்டுப் பெருவிரலைக் காட்டினாள்.

“சரி,” என்றார் அன்னபாக்கியம். “இப்ப எங்கட தலைவர், சனம் இருந்து பார்த்த கதிரையளை அடுக்க இறங்குறார். ஒண்டு... ரெண்டு... மூண்டாவதை நழுவ விட்டிட்டார். கோதண்டராமன் ஐயா பின்னால நிண்டு பிடிக்கிறார்.”