மூன்றாவது கயிறு

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. இருந்தாலும் கம்ப்யூட்டருக்குள் தமிழ் வந்ததில் எங்கள் காலடிப்பேட்டை வீட்டு மாடிக்கும் பங்கு உண்டு. இதை நான் யாரிடமும் சத்தமாகவே சொல்லுவேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் மகள் டிப்ளமோ முடித்துவிட்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் அவளுடைய கூட்டாளிகள் எங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவார்கள். ராயபுரத்திலிருந்து ஒரு பெண், எண்ணூரிலிருந்து ஒரு பையன், இன்னும் சிலர். அறையில் இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதைச் சுற்றி உட்கார்ந்து பொழுது சாயும் வரைக்கும் எதையோ எழுதுவார்கள், அடிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள்.

"இன்னாடி வேலை இது?" என்று ஒருநாள் மகளைக் கேட்டேன்.

"கட்டற்ற மென்பொருள்மா. யாரோ செஞ்சி பொதுவுல வெச்சிட்டாங்க. யார் வேணாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம். திருத்துனதையும் பொதுவுலயே வெச்சிடணும்."

"தெருக்கொழா மாதிரியா?"

"அதேதான். சண்ட மட்டும் இங்கிலீஷ்ல போடுவாங்க."

அந்த மென்பொருள் இங்கிலீஷில் பேசுவதையெல்லாம் இவர்கள் தமிழில் பேச வைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் எழுத்துக் கோணல்மாணலாக வந்தால், அதைச் சரி செய்யும் நிரலையும் எழுதினார்கள். ஆனால் அந்த மென்பொருளின் போன வெளியீட்டில் தமிழைச் சேர்க்கவில்லை. வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழர்தான் தமிழில் செய்கிற எல்லோருடைய வேலையையும் சேர்த்து அந்த மென்பொருள்காரர்களுக்கு அனுப்புகிறவர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை, அதனால் எடுத்துக்கொள்ள முடியாது என்று அவர் எழுதிவிட்டார். அன்றைக்கு என் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "எல்லா பாஷையும் வந்துகீதுமா, நம்ம பாஷை மட்டும் இல்ல" என்றாள். அடுத்த வெளியீடு பொங்கலுக்குப் பிறகு. அதிலாவது தமிழ் வரவேண்டும். மாடியில் இருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான் நினைப்பு.

ஆனால் யார் எதைச் செய்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வேலையைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கடல்காற்றில் சுண்ணாம்பே நிற்காது, சீட்டு எங்கே நிற்கும்? உதிர்ந்த சீட்டு ஒன்றில் இருந்த வேலையை எண்ணூர்ப் பையனும் ராயபுரத்துப் பெண்ணும் தனித்தனியாகச் செய்து முடித்துவிட்டு, உன்னுடையதா என்னுடையதா என்று அடித்துக்கொண்டார்கள்.

நான் கடைக்குப் போய் நைலான் கயிறும் கலர் கலராகத் துணி கிளிப்பும் வாங்கி வந்தேன். சுவருக்குச் சுவர் நான்கு கயிறு கட்டினேன். முதல் கயிற்றில் இன்னும் தொடாத வேலை. இரண்டாவதில் கையில் இருக்கும் வேலை. மூன்றாவது சரிபார்க்க. நான்காவது முடிந்தது. ஆளுக்கு ஒரு கலர் கிளிப். எண்ணூர்ப் பையனுக்கு நீலம், மகளுக்குப் பச்சை. சீட்டில் இருப்பதை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடும். கலரைப் பார்த்தால் யாருடையது என்று வாசலிலிருந்தே தெரியும்.

நான் வெகுகாலம் எக்ஸ்போர்ட் துணி கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்தவள் தன் சட்டையைத் தானே செக்கிங் பார்க்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதையே மாடியிலும் வைத்தேன்.

எண்ணூர்ப் பையன் வேலையில் கெட்டிக்காரன், வாயிலும் அப்படியே. "யம்மா, நானே ரெண்டு தபா பாத்துட்டேன். சுத்தமா கீது. நாலாவதுல மாட்டு" என்றான்.

"உன் மூஞ்சிய நீயே கண்ணாடில பாத்தா அழகாத்தான் கீது. வேற ஆளு பாத்து சொல்லட்டும் நைனா."

சட்டம் சரிதான். ஆனால் எல்லோருக்கும் எழுதத்தான் ஆசை, அடுத்தவர் எழுதியதைப் பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. மார்கழி பாதி தாண்டிவிட்டது. மூன்றாவது கயிறு சீட்டுப் பாரம் தாங்காமல் தொட்டில்போலத் தொங்கியது. முதல் கயிற்றிலிருந்து புதுச் சீட்டு எடுக்கப்போன எண்ணூர்ப் பையனின் கையைப் பிடித்தேன்.

"மூணாவது கயிறு காலியாவாம மொத கயித்துல எவனும் கை வெக்கக்கூடாது. வெச்சா டீ கெடையாது."

"அடுத்தவங்க எழுதுனத பாக்கறது பேஜாருமா."

"பேஜாருன்னா வூட்டுக்குப் போ."

யாரும் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கு ஒரு சீட்டைக் கழற்றினார்கள். ராயபுரத்துப் பெண் நீலக் கிளிப் போட்ட ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வேலையைத் திறந்து, அவன் எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள்.

"பிள்ளையைக் கொல்லவா? ஆம். இல்லை."

நான் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "அடிப்பாவி, யார் புள்ளைய?"

மகள் விளக்கினாள். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு வேலை இன்னொரு சின்ன வேலையைக் கிளப்பிவிட்டால், அதற்கு இங்கிலீஷில் பிள்ளை என்று பெயராம். நிறுத்துவதைக் கொல்வது என்பார்களாம்.

"இங்கிலீஷ்ல அப்டித்தான் கீது. நான் கரெக்டாத்தான் எழுதிகிறேன்" என்று எண்ணூர்ப் பையன் முறைத்தான்.

"ஆஸ்பத்திரில இத தொறந்து வெச்சா நர்ஸம்மா மயங்கி வுழுந்துடும்" என்றாள் ராயபுரத்துப் பெண். 'துணைவேலையை நிறுத்தவா?' என்று திருத்தினாள்.

அவன் முகம் கறுத்துப்போயிற்று. "என் வரிய மாத்துனா என் பேர எடுத்துடு."

"உன் பேரும் இருக்கும்டா, திருத்துனவ பேரும் பக்கத்துல இருக்கும். அதுக்குத்தான் இத பொதுவுல வெச்சிகீது" என்றாள் என் மகள்.

அவன் எழுந்துபோய் மூன்றாவது கயிற்றில் பச்சைக் கிளிப்பாகப் பார்த்து எடுத்தான். என் மகளுடைய வேலை. வரி வரியாகத் துழாவினான். திடீரென்று கைதட்டிக் கத்தினான். "கருவைக் கலை! மாட்னாங்க மேடம்!" தொடங்கிய வேலையைப் பாதியில் விடு என்பதற்கு என் மகள் அப்படி எழுதி வைத்திருந்தாள்; இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். 'கைவிடு' என்று மாற்றினான். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

பிறகு அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் அத்தனை குஷி. நிரலையும் விடவில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஓட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார். பாரம் குறையக் குறைய மூன்றாவது கயிறு மேலே ஏறியது. போகிக்கு முந்தின ஞாயிறு, அதில் ஒரு கிளிப்கூட இல்லை. மகள் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டுபோய் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினாள்.

அந்த வெளிநாட்டுத் தமிழரிடமிருந்து பதில் வந்த அன்று மகள் படிக்கட்டிலேயே கத்திக்கொண்டு வந்தாள். "எடுத்துகினாங்கமா! ரெண்டு எடத்துல புள்ளி மட்டும் வெக்கச் சொல்லிகிறாரு. ஒரே ஆளு எழுதுன மாதிரி கீதாம். உங்க குழுவ யார் நடத்துறாங்கன்னு கேட்டுகிறாரு."

"இன்னா சொன்ன?"

"எங்கம்மான்னு போட்டேன்."

வெளியீடு வந்ததும் குறுந்தகட்டை எண்ணூர்ப் பையன்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தான். கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டதும் என்ன மொழி வேண்டும் என்று கேட்டு ஒரு வரிசை வந்தது. அவன் கை பழக்கதோஷத்தில் இங்கிலீஷுக்குப் போக, என் மகள் அதைத் தட்டிவிட்டாள். எல்லோரும் விலகி, நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். வரிசையில் விரலை வைத்து இறங்கினேன். எது எதுவோ புரியாத எழுத்துகள். அப்புறம் த, மி, ழ்.

அழுத்தினேன். திரை முழுக்க நம் எழுத்து. ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தேன், அவசரப்படவில்லை. கடைசி வரியில் 'தொடங்கவா? ஆம். இல்லை.' என்று இருந்தது. என் வீட்டில் அத்தனை நாள் இருந்த பெட்டி, அன்றைக்குத்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. யாரையும் விளக்கம் கேட்காமல் நானே பதில் சொன்னேன்.